ஆக்சிலரேட்டரை மிதித்தால் ‘ஊய்ய்ங்’ சத்தம்: எங்கே தேடுவது?

கேள்வி: என் கார் முன்சக்கர டிரைவ், பெட்ரோல், மேனுவல் கியர், ஹைட்ராலிக் ஸ்டீயரிங். மிதித்ததும் சத்தம் வருகிறது, வேகம் ஏற ஏற சுருதியும் ஏறுகிறது. காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது. வீல் பேரிங்கா?

பதில் 1: நியூட்ரலில் நிறுத்தி 3000 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். அப்போதும் கேட்டால் பெல்ட் பக்கம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கூடினால் ஸ்டீயரிங் பம்ப் ஆயிலைப் பாருங்கள். நுரைத்திருந்தால் உறிஞ்சும் ஹோஸ் கிளாம்ப் வழியே காற்று நுழைகிறது. இல்லையென்றால், ஆறிய இன்ஜினில் வெளி பெல்ட்டைக் கழற்றி (டைமிங் பெல்ட்டை அல்ல!) இன்ஜினை 30 விநாடி மட்டும் ஓட்டுங்கள், ஏனென்றால் பெல்ட் இல்லாமல் இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப்பும் நின்றிருக்கலாம். சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டர், ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டுவது), டென்ஷனர் (பெல்ட்டை இறுக்குவது) புல்லிகளைக் கையால் சுற்றுங்கள். கரகரப்பதுதான் குற்றவாளி.

பதில் 2: நியூட்ரலில் வராவிட்டால் கியர்பாக்ஸ். ஒரே கியரில் மட்டும் என்றால் அந்தப் பல்சக்கரம். எல்லாவற்றிலும் என்றால் ஷாஃப்ட் பேரிங் அல்லது ஃபைனல் டிரைவ் (சக்கரங்களுக்கு விசை கடத்தும் கடைசிப் பல்சக்கர ஜோடி).

முதலில் கியர்பாக்ஸ் ஆயில் அளவு. சமதளத்தில் நிறுத்தி, ஃபில்லர் பிளக்கைத் (ஆயில் ஊற்றும் துளையின் மூடி) திறங்கள். பெரும்பாலான பாக்ஸ்களில் துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும். ஆயில் மாற்றுவதானாலும் டிரெயின் பிளக்குக்கு (ஆயிலை வடிக்கும் துளையின் மூடி) முன் இதைத்தான் திறக்க வேண்டும். இது இறுகிப்போய் வராவிட்டால் காலியான பாக்ஸோடு மாட்டிக்கொள்வீர்கள். டிரெயின் பிளக்கில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை சகஜம். உலோகச் செதில் இருந்தால் பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டும். ஜிஎல்-4 தர கியர் ஆயில் கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையம் கெடலாம்.

பதில் 3: வீல் பேரிங் என்றால் காலை எடுத்தாலும் ‘உம்ம்’ தொடரும், வளைவில் மாறும். ஆக்ஸில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) தேய்ந்தால் அதிர்வும் ‘டக்டக்’கும்தான் வரும். நீங்கள் சொல்வது இரண்டும் இல்லை. கியர் ஆயிலில் தொடங்குங்கள்.