ஏஜிஎஸ்ஸில் தமிழ் உடைகிறது: கொம்பு பின்னால் போகிறது, புள்ளி விலகி நிற்கிறது

தறிமேடை

வணக்கம். ஏஜிஎஸ் (அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோ) 3.6இல் ஒரு சின்ன பாயிண்ட் அண்ட் கிளிக் விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் உட்கார முடியும். ஒன்றரை வருடம் ஆகிறது. கதை முழுக்க ஒரு நெசவாளர் வீட்டுக்குள் நடக்கிறது. தாத்தா போன பிறகு பேத்தி வந்து பூட்டிக் கிடக்கும் தறிக்கூடத்தைத் திறக்கிறாள். பாவு (நீள நூல்), ஊடை (குறுக்கு நூல்), நாடா (ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் ஓடம்), தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) இவற்றை வைத்துத்தான் புதிர்கள். 14 அறைகள் வரைந்தாயிற்று, நடை, பை, உரையாடல் எல்லாம் ஓடுகிறது.

இதுவரை சோதனைக்காக வசனங்களை ஆங்கிலத்திலேயே போட்டு வைத்திருந்தேன். போன வாரம் தமிழ் வசனங்களை ஏற்றினேன். உரை வடிவத்தை யூனிகோடுக்கு மாற்றினேன், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தேன். எழுத்துகள் வருகின்றன, ஆனால் இப்படி:

'கோயில்' என்று எழுதினால் முதலில் க வருகிறது. அதற்குப் பின்னால் இரட்டைக்கொம்பும் காலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வருகின்றன. 'கை' எழுதினால் கையின் கொம்பு வலப்பக்கம் நிற்கிறது. 'கு' என்றால் க தனி, அடியில் சுழிக்கும் கோடு தனி. புள்ளி சில எழுத்தில் சரியாகத் தலையில் உட்காருகிறது, சில எழுத்தில் பக்கத்து எழுத்தின் மேல் போய் விழுகிறது.

இன்னொன்று, பாத்திரம் பேசும் வரி திரையில் தேவைக்கு மேல் நேரம் நிற்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா தெரியவில்லை.

நான்கு எழுத்துரு மாற்றிப் பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் இதே கதை. விளையாட்டின் அளவு 320க்கு 180. அம்மாவும் சித்தியும் விளையாடுகிற மாதிரி இதைத் தமிழில்தான் முடிக்க வேண்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுட்டிவிரல்

எழுத்துருவில் தப்பு இல்லைங்க. இனி எழுத்துரு மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

யூனிகோடில் 'கோ' என்பது க, அதற்குப் பின் ஓகாரக் குறி, அவ்வளவுதான். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது, க வும் உகரமும் சேர்ந்தால் 'கு' என்ற ஒற்றை உருவை எடுத்துப் போடுவது, இதெல்லாம் காட்டும் மென்பொருளின் பொறுப்பு. பிரவுசரில் ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு நூலகம் இந்த வேலையைச் செய்கிறது. ஏஜிஎஸ் எழுத்துருவைத் திறந்து ஒவ்வொரு குறிக்கும் ஒரு உருவை வரிசையாக வரைந்துகொண்டே போகும், சேர்த்துக் கட்டாது. ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யனுக்கு அது போதும், நமக்குப் போதாது.

என் யோசனை: கோடோ 4 என்ற விளையாட்டு எஞ்சினுக்கு மாறிவிடுங்கள். அதில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான வசதி உள்ளேயே இருக்கிறது, தமிழ் எதுவும் செய்யாமலே சரியாக வரும். கோடோ 3இல் கிடையாது, 4தான் வேண்டும். பாயிண்ட் அண்ட் கிளிக்குக்கென்றே போபோச்சு என்ற செருகுநிரல் இருக்கிறது. அறை, பாத்திரம், பை, உரையாடல் என்று ஏஜிஎஸ்ஸில் பழகியவர்களுக்குக் கை பிடிபடும்.

தறிமேடை

விளக்கத்துக்கு நன்றி, ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. ஆனால் 14 அறைகளின் ஸ்கிரிப்டையும் மறுபடி எழுதும் தெம்பு எனக்கு இல்லை. அடுத்த விளையாட்டுக்குக் கட்டாயம் கோடோ பார்ப்பேன். இதை ஏஜிஎஸ்ஸிலேயே கரை சேர்க்க வழி இருக்கிறதா?

பனங்கூடல்

தறிமேடை, உங்கட பதிவைப் பார்த்தனான். இது எங்களுக்குப் பழைய வருத்தம். யூனிகோடு வாறதுக்கு முன்னம் நாங்கள் யாழ்ப்பாணத்தில பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவிலதான் எல்லாம் தட்டினது. பாமினியில கொம்பு தனி விசை, கால் தனி விசை. கோ எழுத முதல் இரட்டைக்கொம்பைத் தட்டி, பிறகு க, பிறகு கால். கு, டி எல்லாம் ஒவ்வொரு தனி உருவமா எழுத்துருவுக்குள்ளயே இருக்கும். கண்ணுக்குத் தெரியிற வரிசையில தட்டுறபடியால் மென்பொருளுக்குத் தமிழ் தெரியத் தேவையில்லை, அது ஆங்கில எழுத்தெண்டு நினைச்சுக் கீறிக்கொண்டு போகும்.

அதால, உங்கட வசனங்களைப் பாமினிக்கு மாத்தி, பாமினி எழுத்துருவைப் போட்டுப் பாருங்கோ. ஓபன் தமிழ் எண்ட பைத்தான் நூலகத்தில யூனிகோடிலயிருந்து பாமினிக்கு மாத்துற வசதி இருக்குது.

எழுத்துவார்ப்பு

பனங்கூடல் சொல்வது அடிப்படையில் சரி: எஞ்சினுக்குச் சேர்த்துக் கட்டத் தெரியாது, ஆகவே கட்டி முடித்ததை அதனிடம் கொடுக்க வேண்டும். ஆனால் ஏஜிஎஸ்ஸுக்குப் பாமினி வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில் மாட்டிக்கொண்டால் இரண்டு நாள் போய்விடும்.

பாமினி, ஆங்கில விசைகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைக்கிறது. நிறுத்தக்குறிகளின் இடங்களையும் எடுத்துக்கொள்கிறது. ஜ இருக்கும் இடம் [ குறி. ஏஜிஎஸ்ஸில் [ என்றால் அடுத்த வரிக்குப் போ என்று பொருள். 'ஜன்னல்' எழுதினால் ஜ மறைந்து, மீதி அடுத்த வரியில் 'ன்னல்' என்று வரும்.

இதைவிட மோசமானது மூ. அது % குறியின் இடத்தில் இருக்கிறது. ன இருப்பது ஆங்கிலச் சின்ன 'டி'யின் (d) இடத்தில். இப்போது 'மூன்று' என்று எழுதிப் பாருங்கள்: %, அதை அடுத்து 'டி'. நிரல் எழுதுபவருக்குத் தெரியும், அது 'இங்கே ஒரு முழு எண்ணைச் செருகு' என்ற கட்டளை. பாத்திரம் பேசும் கட்டளையும் அந்தக் குறியை மதிக்கும். உங்கள் கதையில் மூன்று தார், மூன்று சாவி என்று எங்கேயாவது வராமல் இருக்காது.

டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம் இதைவிட நல்லது. 256 இடங்களில் மேல் பாதியில் மட்டும் தமிழ், கீழ் பாதி ஆங்கிலத்துக்கே. ஆகவே % உம் [ உம் மோதாது. ஆனால் நீங்கள் ஏற்கெனவே யூனிகோடு வடிவத்தில் இருப்பதால் அதைவிடச் சுத்தமான வழி ஒன்று இருக்கிறது: டேஸ்16 என்ற குறியாக்கம்.

2010இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றபோது, யூனிகோடு சரியாக வேலை செய்யாத இடங்களுக்கு மாற்றாக டேஸ்16ஐயும் ஏற்றது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஒரே குறி. கோ ஒரு குறி, கு ஒரு குறி, க் ஒரு குறி. இவை யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் ஏஜிஎஸ் அவற்றைச் சாதாரண எழுத்தாகவே நடத்தும். கணக்கும் அழகானது. க் என்பது ஈ210 (இந்த எண்களில் வரும் ஈ, ஆங்கில E). அ ஈ201, ஆ ஈ202, இ ஈ203. ஈ210உடன் ஈ203ஐக் கூட்டி ஈ200ஐக் கழித்தால் ஈ213, அதுதான் கி. நம் இலக்கணத்தில் மெய்யும் உயிரும் சேர்வது போலவே எண்ணும் சேர்கிறது. இதை யோசித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

செய்முறை:

ஸ்கிரிப்டைத் தொடாதீர்கள். அதில் படிக்கிற மாதிரி யூனிகோடுத் தமிழே இருக்கட்டும். எடிட்டரில் மொழிபெயர்ப்புக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். அந்த டிஆர்எஸ் கோப்பில் விளையாட்டின் எல்லா வரிகளும் வந்துவிடும்: ஒரு வரி மூலம், அதன் கீழ் மொழிபெயர்ப்புக்கு ஒரு வெற்று வரி. சிறிய பைத்தான் நிரல் ஒன்று மூல வரியைப் படித்து, அதன் டேஸ்16 வடிவத்தை வெற்று வரியில் எழுத வேண்டும். கோப்பின் தலையில் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். சாதாரண எழுத்துரு, பேச்சு எழுத்துரு இரண்டையும் அங்கேயே டேஸ்16 எழுத்துருவின் எண்ணுக்கு மாற்றலாம். விளையாட்டு தொடங்கும்போது கேம்.சேஞ்ச்ட்ரான்ஸ்லேஷன் கட்டளையால் இந்த 'மொழிபெயர்ப்பை' ஏற்றிவிடுங்கள். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான்.

பைத்தானில் மறக்கக்கூடாத ஒன்று: மாற்றுவதற்கு முன் வரியை என்எஃப்சி என்ற யூனிகோடின் சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். சில இடங்களிலிருந்து ஒட்டும் உரையில் ஒகரம் ஒரே குறியாக இல்லாமல் கொம்பு, கால் என்று இரண்டாக வரும். என்எஃப்சி அதை ஒன்றாக்கிவிடும். பிறகு க்ஷ, ஸ்ரீ போன்றவற்றை முதலில் மாற்றி, அதன் பின் மற்றவை.

எழுத்துரு தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் கிடைக்கும். விளையாட்டோடு சேர்த்து வெளியிடும் முன் உரிமக் குறிப்பைப் படித்துவிடுங்கள். விண்டோஸோடு வரும் லதா போன்றவற்றைத் தூக்கி உள்ளே போட வேண்டாம்.

வரி அதிக நேரம் நிற்பதும் இதனால்தான். ஏஜிஎஸ் வரியின் நீளத்தைப் பார்த்து நேரம் கணக்கிடுகிறது. 'கொண்டிருக்கிறேன்' நமக்கு 8 எழுத்து, யூனிகோடில் 16 குறி. டேஸ்16இல் 8 தான். பாதிப் பிரச்சினை தானாகப் போய்விடும். மீதிக்கு கேம்.டெக்ஸ்ட்ரீடிங்ஸ்பீடு அளவை உங்கள் அம்மா படிக்கும் வேகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பனங்கூடல்

மூன்றுக்குள்ள இப்பிடி ஒரு வில்லங்கம் இருக்குமெண்டு இத்தனை வருஷத்தில நான் நினைச்சதே இல்லை. அருமையான விளக்கம். நானும் ஒண்டு கற்றுக்கொண்டன்.

சுட்டிவிரல்

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. 320க்கு 180 தமிழுக்குப் பத்தாதுங்க. ஆங்கிலம் 7, 8 பிக்சல் உயரத்தில் தெளிவாக நிற்கும். ணை, ஞூ, ஐ இவற்றுக்குள் எத்தனை சுழி இருக்கிறது பாருங்கள். அவ்வளவு உயரத்தில் கறுப்புத் திட்டாகிவிடும். 640க்கு 360 போங்கள். படங்களைத் திரும்ப வரைய வேண்டாம், ஒவ்வொரு பிக்சலையும் சரியாக இரண்டு மடங்காக்கினால் அதே பழைய தோற்றம் இருக்கும், எழுத்துக்கு மட்டும் இடம் கிடைக்கும். 1920க்கு 1080 திரையில் மூன்று மடங்காகச் சரியாகப் பொருந்தும்.

தறிமேடை

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். முதலில் நல்ல செய்தி: கோயில் கோயிலாகவே வருகிறது! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தறிக்கூடத்துக் கதவில் இருந்த வரியைச் சத்தமாகப் படித்தார்.

பைத்தான் நிரல் 60 வரிக்குள் முடிந்தது. 'மௌனம்' மட்டும் இரண்டு இடத்தில் வேறு மாதிரி வந்தது. தோண்டிப் பார்த்தால் நான் பழக்கத்தில் ஒற்றைக்கொம்பும் ள வும் போட்டு அடித்திருக்கிறேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கையால் திருத்தினேன்.

அளவை மாற்றியதில்தான் இரண்டு இரவு போயிற்று. படங்கள் சுலபம். ஸ்கிரிப்டில் 'இந்த இடத்துக்கு நட' என்று எண்ணாகக் கொடுத்திருந்த எல்லாவற்றையும் இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது. ஒன்றை விட்டுவிட்டேன், பேத்தி தறிக்குள் நடந்து போனாள். இப்போது சரி.

மீதம் ஒரே சிக்கல். பையில் எத்தனை தார் இருக்கிறது என்று காட்டும் சின்னப் பலகை மட்டும் உடைந்த தமிழிலேயே இருக்கிறது. 'கையில் %d தார்' என்ற வரியில் எண்ணைச் சேர்த்துக் காட்டுகிறேன்.

எழுத்துவார்ப்பு

மகிழ்ச்சி. பேசும் வரிகளை ஏஜிஎஸ் தானே மொழிபெயர்த்துக்கொள்ளும். நீங்களே ஸ்ட்ரிங்.ஃபார்மட் கொண்டு கட்டும் வரிகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். எண் சேர்ப்பதற்கு முன் அந்த மூல வரியை கெட்ட்ரான்ஸ்லேஷன் வழியாக அனுப்புங்கள். சேர்த்த பிறகு அனுப்பினால் 'கையில் 2 தார்' என்ற வரியைக் கோப்பில் தேடும், அது அங்கே இருக்காது.

இன்னொன்றும் மனதில் வையுங்கள். ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அது புது வரி. டிஆர்எஸ்ஸைப் புதுப்பித்து நிரலை மறுபடி ஓட்ட வேண்டும். மறந்தால் அந்த வரி மட்டும் உடைந்து தெரியும். சோதனைக்கு அது வசதிதான், எங்கே விட்டீர்கள் என்று உடனே கண்ணில் படும்.

தறிமேடை

வந்துவிட்டது. 'கையில் 2 தார்'. மூன்றாவதை எடுத்ததும் 3 ஆனது, பேத்தி சொல்கிறாள்: "மூன்று தாரும் கிடைச்சாச்சு. ஜன்னலைத் திறந்தா நாடா எங்கே விழுந்ததுன்னு பார்க்கலாம்." மூவும் ஜவும் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

பைத்தான் நிரலை இன்றிரவு சுத்தப்படுத்தி இங்கேயே போடுகிறேன். ஏஜிஎஸ்ஸில் தமிழில் செய்ய நினைக்கும் யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை.