வி.ஆர்.எம்.: சீராக்கியா, இறக்கியா?

வணக்கம்.

வீட்டுக் கணினிக்குப் போர்டு (மதர்போர்டு) தேர்ந்தெடுப்பது பற்றிய கையேட்டின் சொற்பட்டியலைப் பார்த்தேன். ‘தாய்ப்பலகை’ இருக்கட்டும், சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகளில் யாரும் அப்படிக் கேட்டு வாங்கப் போவதில்லை, ஆனாலும் எழுத்தில் அது நிலைத்துவிட்டது. சிபியு உட்காரும் சாக்கெட்டைச் சாக்கெட் என்றே விட்டுவிடலாம். டிடிஆர்4 ரேம் போடும் போர்டில் டிடிஆர்5 ரேம் ஏறாது, ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட் போர்டு என்றால் டிடிஆர்5 மட்டும்தான் என்பதைச் சொல்ல எந்தப் புதுச் சொல்லும் வேண்டாம். என் தகராறெல்லாம், போர்டில் சிபியுவுக்கு மின்சாரம் தரும் பகுதியான வி.ஆர்.எம்.முக்கு (வோல்டேஜ் ரெகுலேட்டர் மாட்யூல்) போட்டிருக்கும் ‘மின்னழுத்தச் சீராக்கி’யோடுதான்.

சீராக்கி என்றதும் இந்த ஊரில் எவருக்கும் நினைவுக்கு வருவது ஏ.சி.க்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டெபிலைசர். ஏறி இறங்கும் வீட்டு மின்சாரத்தை 230 வோல்ட் பக்கத்தில் பிடித்து வைப்பது அதன் வேலை. வி.ஆர்.எம்.மும் மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கணினியின் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் 12 வோல்ட்டை, சிபியு கேட்கும் ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்குவதுதான் அதன் பெரிய வேலை. போர்டு வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதைத்தான்.

கணக்குப் போட்டால் புரியும். 120 வாட் இழுக்கும் சிபியு 1.2 வோல்ட்டில் ஓடினால் 100 ஆம்பியர் வேண்டும். ஒன்றரை டன் ஏ.சி.யே பத்து ஆம்பியருக்குள் ஓடிவிடுகிறது! அந்த 100 ஆம்பியர் முழுவதும் சாக்கெட்டை ஒட்டி வரிசையாக நிற்கும் வி.ஆர்.எம்.மின் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்), சோக் (கம்பிச்சுருள்) வழியாகத்தான் போக வேண்டும். அங்கே பத்து சதவீதம் வீணானாலும் 13 வாட் வரை சூடு. மே மாதத்தில் ஏ.சி. இல்லாத அறையில், சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் வைக்காத மலிவு போர்டில் அந்தச் சூடு போக இடமில்லை. போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சிபியுவின் வேகத்தைக் குறைக்கும். விலை கொடுத்து வாங்கிய சிபியு பாதி வேலைதான் செய்யும்.

ஒரு நண்பர் ‘மின்னிறக்கி’ என்று சுருக்கச் சொன்னார். காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இயற்பியல் பாடத்தில் மின்னிறக்கம் ஏற்கெனவே வேறொன்று, அதாவது டிஸ்சார்ஜ்: மின்னிறக்கக் குழாய் என்று படித்திருக்கிறோமே, அது. போதாக்குறைக்கு லிஃப்டுக்கு மின்தூக்கி என்று பெயர். மின்னிறக்கி என்றால் கீழே மட்டும் போகும் லிஃப்டோ என்று கேட்பார்கள். ஆகவே என் முன்மொழிவு ‘மின்னழுத்த இறக்கி’. பள்ளியில் படித்த ‘இறக்கு மின்மாற்றி’யோடும் ஒத்துப்போகிறது. முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் வெறும் ‘இறக்கி’ என்றாலே போதும்.

அடுத்தது ஃபேஸ், அதாவது வி.ஆர்.எம்.முக்குள் மாஸ்ஃபெட்டும் சோக்கும் சேர்ந்த ஒவ்வொரு தொகுதியும். ‘முனை’ வேண்டாம், மும்முனை இணைப்பு என்று கேட்டுப் பழகியவர் ‘12 முனை’ என்றால் 12 ஒயரைத் தேடுவார். ‘கட்டம்’ அறிவியல்படி சரிதான், ஆனால் பொது வாசகர் 12 வோல்ட் கட்டம் கட்டமாக இறங்குவதாக நினைத்துக்கொள்வார். உண்மையில் ஒவ்வொரு ஃபேஸும் தானே முழுதாக இறக்கிவிடுகிறது. மின்னோட்டத்தின் சுமையைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் கையேட்டில் ‘கிளை’. ஒன்று மாற்றி ஒன்று முறைபோட்டு இயங்குவது இதில் வராது என்று ஆட்சேபம் வரும். அது பொறியியல் நூலுக்கு, அங்கே கட்டமே இருக்கட்டும். ‘12+2 கிளை’ என்றால் 12 கிளைகள் சிபியுவின் கோர்களுக்கு (கணக்கிடும் பகுதிகளுக்கு), 2 மற்றப் பகுதிகளுக்கு என்று ஒரு வரி விளக்கம் சேர்க்கலாம். கிளைகளை இரண்டு இரண்டாக இணைத்துவிட்டு எண்ணிக்கையை இரட்டிப்பாகக் காட்டும் போர்டுப் பெட்டிகளும் உண்டு. அந்த எச்சரிக்கையும் அங்கேயே வரட்டும்.

கையேட்டில் இப்படிப் போடலாம்: “ரைசன் 5 7600 போன்ற 65 வாட் வகைச் சிபியுவுக்கு எளிய மின்னழுத்த இறக்கி உள்ள போர்டே போதும், மிச்சப் பணத்தை எஸ்.எஸ்.டி.யில் போடுங்கள். 253 வாட் வரை போகும் ஐ9-14900கே வாங்குகிறீர்கள் என்றால் இறக்கியின் கிளைகளையும் அதன்மேல் ஹீட்சிங்க் இருக்கிறதா என்பதையும் பார்க்காமல் பில் போடாதீர்கள்.”

ஹீட்சிங்குக்கு ‘வெப்ப உறிஞ்சி’ எனக்குப் பிடிக்கவில்லை. உறிஞ்சி வைத்துக்கொள்வதா அதன் வேலை, காற்றில் விடுவதல்லவா? ‘வெப்ப வடிகால்’ என்று ஒன்று தோன்றுகிறது. யாராவது இதைவிட நல்லதாகச் சொல்லுங்கள்.