பூட்டிய வீட்டில் வைக்க ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

கானாடுகாத்தான் பேரன்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வீட்டின் இரண்டாங்கட்டில் மரப்பெட்டிக்குள் இருந்த பேரேடுகள், இரங்கூனிலிருந்து ஐயா எழுதிய கடிதங்கள், மூன்று தலைமுறைக் கல்யாண ஒப்பந்தங்களான இசைகுடிமானங்கள் ஆகிய அனைத்தையும் ஸ்கேன் செய்து முடித்துவிட்டோம். அப்பச்சியின் அறுபதாம் கல்யாண வீடியோவையும் சேர்த்தால் ஒன்றரை டெராபைட் வருகிறது. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பதால், ஒரு பிரதி ஊர் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் வீட்டைத் திறப்பது முன்னோரை வணங்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான். ஹார்ட் டிஸ்க்கின் காலம் முடிந்துவிட்டது, தட்டுக்குப் பதிலாகச் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்குங்கள் என்கிறான் சென்னையில் இருக்கும் தம்பி. அவன் சொல்வது சரியா?

காரைக்குடி கணினிக்கடை:
அன்றாடம் புழங்கும் கருவிகளைப் பொறுத்தவரை உங்கள் தம்பி சொல்வது சரி. 2001இல் வந்த, பாட்டுக் கேட்கும் முதல் ஐபாடுக்குள் 5 ஜிபி ஹார்ட் டிஸ்க் சுழன்றது. 2005இல் ஐபாட் நானோ, எஸ்எஸ்டியில் இருப்பதுபோன்ற ஃபிளாஷ் சிப்போடு வந்தது. வீடியோ கேம் கருவியான பிளேஸ்டேஷனில், 4 வரை இருந்த ஹார்ட் டிஸ்க், 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல் இல்லை. வேகம் ஒரு காரணம், விலை இன்னொன்று. ஹார்ட் டிஸ்க்கின் மோட்டாருக்கும் அது சுழற்றும் தட்டுக்கும் ஆகும் அடிப்படைச் செலவு, கொள்ளளவைக் குறைத்தாலும் குறைவதில்லை. அதனால் சிறிய கொள்ளளவில் ஃபிளாஷ் வென்றது. பெரிய கொள்ளளவில் ஒரு டெராபைட்டுக்கான விலையில் ஹார்ட் டிஸ்க்தான் இன்றும் மலிவு.

பூட்டிய வீட்டின் கணக்கு வேறு. ஃபிளாஷ் சிப், தரவை நுண்ணிய அறைகளில் அடைபட்ட மின்னூட்டமாக வைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். சூடு கூடினால் கசிவும் கூடும். எழுதி எழுதித் தன் ஆயுளளவை எட்டிவிட்ட எஸ்எஸ்டியும், மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பது, வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டிகளுக்கு, சிப் துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் ஜெடெக் அமைப்பு வகுத்த அளவுகோல். புதியது அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், சித்திரை மாதத்தில் நம் மேல்மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது காந்தப் பதிவு. அதற்கு இந்தக் கசிவு இல்லை.

தேவகோட்டை ஆச்சி:
அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொங்கலுக்கு வீடு திறந்திருந்தபோது, ஓடிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்கின் ஒயர் குழந்தையின் காலில் சிக்கி, அது ஊஞ்சல் பலகையிலிருந்து ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்தது. உயரம் ஒன்றரை அடிதான் இருக்கும். மறுபடி இணைத்தபோது டிக் டிக் என்ற சத்தம் மட்டுமே வந்தது. கடையில் திறந்து காட்டியபோது, கண்ணாடிபோல் மின்னிய தட்டில் மயிரிழையளவில் வட்டமாக ஒரு கீறல் இருந்தது. சில நானோமீட்டர் இடைவெளியில் தட்டின் மேல் மிதந்து தரவைப் படிக்கும் தலைப்பகுதி உரசிவிட்டது என்றார்கள். என் மாமியார் பேசிய ஒரே வீடியோ அதில்தான் இருந்தது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை என்பதைத் தயவுசெய்து சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள்.

காரைக்குடி கணினிக்கடை:
ஆச்சி சொல்வது முற்றிலும் உண்மை; நெடுநாள் ஓடாமல் கிடக்கும் மோட்டாரும் பழுதாகலாம். ஆகவே தம்பி, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் வாங்குங்கள். ஒன்றைக் கீழ்வீட்டு அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மற்றொன்று வேறு ஊரில் இருக்கட்டும். அன்றாடம் பார்ப்பதற்கு எஸ்எஸ்டியில் ஒரு பிரதி போதும். ஒவ்வொரு படைப்பின்போதும் இணைத்து, கோப்புகளை முழுவதுமாகப் படிக்கச் செய்து, கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் செக்சம் எண் முன்பு குறித்ததோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். செருகி விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுக் கழற்றுவதால் பயனில்லை.

எதிர்காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தட்டை லேசரால் சூடாக்கிப் பதியும் முறையில், 2024இல் சீகேட் 30 டெராபைட்டைத் தாண்டிய டிஸ்க்கை அறிவித்தது. அவையெல்லாம் தரவு மையங்களுக்கானவை. வீட்டுக்கேற்ற சிறிய டிஸ்க் அருகிக்கொண்டே போகும் என்றே நினைக்கிறேன். அதனால் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அப்போது கடையில் கிடைப்பதற்கு மாற்றிவிடுங்கள்.

கானாடுகாத்தான் பேரன்:
அண்ணனுக்கும் ஆச்சிக்கும் மிக்க நன்றி. மாசியில் படைப்பு வருகிறது. அதற்குள் இரண்டையும் வாங்கிவிடுகிறேன். முதல் சரிபார்ப்பை அன்றைக்கே, ஊஞ்சலில் வைக்காமல் தரையில் பாய் விரித்து வைத்துச் செய்கிறோம். காகிதங்கள் மரப்பெட்டியிலேயே இருக்கும்.