மட்டிப்பழம் தின்று வளர்ந்தவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள்

நாஞ்சில்காரன்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் உத்தரத்திலிருந்து ஒரு கயிறு எப்போதும் தொங்கும். அதில் வாழைத்தார் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. வடசேரிச் சந்தைக்குப் போய்வரும் தாத்தா தோளில் சுமந்து வருவது பெரும்பாலும் மட்டிதான். விரல் நீளம் இருக்கும், நுனியில் கிளிமூக்கு மாதிரி ஒரு கூர். தோலை உரிப்பதற்குள் மணம் அடுக்களைவரை போய்விடும். ஒளித்துத் தின்னவே முடியாத பழம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆளுக்கு மூன்று என்பது பாட்டியின் கணக்கு. நான்காவதைத் திருடினால் தாரில் விழும் இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும் சீப்பில்தான் கை வைப்போம்.

பாட்டிக்கு ஒவ்வொரு பழமும் ஒரு மருந்து. பல் முளைக்காத பிள்ளைக்கு மட்டி. உடம்பு தேற, ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயைச் சீவி உலர்த்தி இடித்த மாவில் கூழ். சூட்டுக்குப் பேயன், வயிறு இளகப் பூவன், கண்ணுக்குச் செவ்வாழை. சளி பிடிக்கும் என்பதால் பொழுது சாய்ந்தபின் எந்தப் பழமும் கிடையாது. வைத்தியச் செலவு என்று எங்கள் வீட்டில் தனியாக ஒன்று இருந்ததாக நினைவில்லை. இன்று என் பேத்திக்கு மாதாமாதம் சத்து டானிக் வாங்குகிறோம். வாழைப்பழத்தைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறாள்.

2023இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. நறுக்கி வைத்தால் பழம் கறுக்கிறதே, அது இரும்புச்சத்துக்குச் சாட்சி. கரும்புள்ளி விழுந்த பழம் புற்றுநோயை எதிர்க்கும் என்று ஜப்பான்காரர்களும் சொல்லிவிட்டார்கள். இனியும் பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்கிறவர்கள் இருந்தால் வரலாம்.

கசப்புமருந்து

கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன். திருச்சியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். ஐயா, உங்கள் முதல் பத்தியை இரண்டு முறை படித்தேன், வாயில் நீர் ஊறியது. மூன்றாவது பத்தியில்தான் எனக்குச் சண்டை.

புவிசார் குறியீடு என்றால் இந்தப் பொருள் இந்த ஊருக்கு உரியது என்று அர்த்தம். காஞ்சிபுரம் பட்டுக்கும்தான் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கட்டிக்கொண்டால் இரத்தச்சோகை தீரும் என்று யாரும் சொல்வதில்லை.

பழம் கறுப்பது இரும்பால் அல்ல. சதைக்குள் இருக்கும் ஒரு நொதி, நறுக்கியதும் காற்றுப் பட்டுச் செய்கிற வேலை அது. கத்தரிக்காயும் அப்படித்தான் கறுக்கிறது. வாழைப்பூவை ஆய்ந்ததும் உங்கள் பாட்டி மோர் கலந்த தண்ணீரில் போட்டிருப்பாரே, இரும்பைக் காப்பாற்றவா போட்டார்? மோரின் புளிப்பில் அந்த நொதி அடங்கிவிடும், பூ வெளுப்பாக இருக்கும், அவ்வளவுதான். 100 கிராம் வாழைப்பழத்தில் அரை மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பட்டியல்படி வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். பழத்தை நம்பி இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வரும் கர்ப்பிணிகளை நான் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், உங்கள் பாட்டிமேல் எனக்குக் கோபமில்லை.

ஜப்பான் செய்தி பல ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் சுற்றுவது. வாழைப்பழச் சாறு எலிகளின் வெள்ளணுக்களை எப்படித் தூண்டுகிறது என்று அங்கே சிலர் பார்த்தார்கள். மனிதர் ஒருவருக்குப் புற்றுநோய் குணமான சேதி அதில் எங்கும் இல்லை.

பொட்டாசியமாவது உண்டே என்பீர்கள். உண்டு. 100 கிராமுக்குச் சுமார் 360 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,500. உங்கள் பாட்டி கொடுத்த மூன்று மட்டியில் எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கில் இதைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் உருளைக்கிழங்கை யாரும் அமிர்தம் என்பதில்லை.

நாஞ்சில்காரன்

அம்மா, நீங்கள் பட்டியலைப் பார்த்துப் பேசுகிறீர்கள். என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒன்பது பிள்ளை பெற்றவள். எல்லாம் மட்டியும் ஏத்தங்காய் மாவும் தந்த உடம்பு.

கசப்புமருந்து

ஒன்பது பேரும் வளர்ந்து ஆளானார்களா, ஐயா?

நீர்வேலிப்பெண்

இடையில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரே வாழைத்தோட்டம்தான். நீங்கள் தார் என்பதை நாங்கள் குலை என்போம். எங்களிடம் கதலி, இதரை, கப்பல். மட்டியை நான் கண்ணால் கண்டதில்லை.

எனக்கு விளங்காத ஒன்று. நாஞ்சில் ஐயாவின் பாட்டி பல் முளைக்காத பிள்ளைக்கே வாழைப்பழம் ஊட்டியிருக்கிறார். என் அம்மம்மா, வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தடிமன், நீங்கள் சளி என்பது, வந்தால் குலை தொங்கும் அறையையே பூட்டிவிடுவார். இரவு பகல் என்ற பேச்சே இல்லை, மூன்று நாளைக்குப் பழத்தைக் கண்ணில் காட்டமாட்டார். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவோம், அம்மம்மாவின் காதில் விழக்கூடாது என்று. இரண்டு பாட்டிமாரும் அனுபவத்தில்தான் சொன்னார்கள். இரண்டு பேரும் சரியாக இருக்க முடியுமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்

என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செவ்வாழை சர்க்கரையை ஏற்றாது, ஒரு மண்டலம் தின்றால் மாத்திரையே தேவைப்படாது என்று சம்பந்தி ஒரு செய்தி அனுப்பினார். நாற்பத்தெட்டு நாள், தினமும் இரவில் ஒன்று. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.1இல் இருந்தது, 8.4க்குப் போய்விட்டது. டாக்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சிறிது நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் பிள்ளைகளை அப்படிப் பார்த்தவன் நான். சம்பந்தி இன்னும் செய்திகள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

காவிரிக்கரை

லாலாப்பேட்டைப் பக்கம் வாழை வைத்திருக்கிறேன். நீங்கள் இவ்வளவு நேரமாக ஒரே பழத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதாக நினைக்கிறீர்கள். இல்லை. நாஞ்சில் அண்ணன் பேசுவது மட்டி. வாத்தியார் பேசுவது செவ்வாழை. அக்கா கணக்குப் போட்டது அநேகமாகக் கடையில் கிடைக்கும் நீளப் பழத்தை வைத்து. அண்ணனின் பேத்தி முகம் சுளிப்பதும் அதைப் பார்த்துத்தான் இருக்கும். ஜி-9 என்போம், திசு வளர்ப்புக் கன்று. ஏக்கருக்கு இவ்வளவு தார் என்று கணக்குக் கட்டும், தூரத்துக்கு அனுப்பினாலும் தாங்கும். ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நல்ல பழங்கள் ஏன் குறைந்தன என்று கேளுங்கள், சொல்கிறேன். ரஸ்தாளியை வாடல் நோய் தின்றது. மண்ணில் இருக்கும் பூசணம் அது. ஒருமுறை வந்த கொல்லையில் மறுபடி ரஸ்தாளி வைப்பது சூதாட்டம். விருப்பாச்சி, சிறுமலை மலைவாழையை முடிக்கொத்து நோய் அழித்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ், இலையெல்லாம் உச்சியில் கொத்தாக நின்றுவிடும், தார் தள்ளாது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிரே அந்த விருப்பாச்சிப் பழம்தான். 1993இல் திருச்சியில் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அவர்கள் வேலை நடக்கிறது, எங்கள் கஷ்டமும் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பேச்சு எப்படியும் அங்கேதான் வரும். முன்பெல்லாம் இயற்கையாகப் பழுத்தது, இப்போது ரசாயனம் என்பீர்கள். எந்தக் காலத்திலும் வியாபாரத்துக்குத் தார் தானாகப் பழுத்ததில்லை. என் அப்பா மூட்டம் போடுவார். தார்களை இருட்டறையில் அடுக்கி, சருகு போர்த்தி, சட்டியில் புகை போட்டுக் கதவின் இடுக்கை மண்ணால் பூசிவிடுவார். அந்தப் புகையில் இருந்த எத்திலீன்தான் பழுக்க வைத்தது. இன்றைய குளிர்அறையில் விடுவதும் அதே எத்திலீன் வாயு, சட்டம் அனுமதித்தது. கார்பைடு கல் வேறு விவகாரம். அது தடை செய்யப்பட்டது, வைக்கிறவன் அயோக்கியன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

மூட்டம் போட்ட பழத்தில் ஒரு மெல்லிய புகை மணம் இருக்குமே, தம்பி. அது போய்விட்டது.

காவிரிக்கரை

இருக்கும் ஐயா. அப்பாவின் சட்டையிலும் இருக்கும்.

நாஞ்சில்காரன்

இரண்டு நாள் எழுதவில்லை. அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மற்றவர்களோடு பேச மனம் வரவில்லை.

ஏழு. ஒன்பதில் ஏழு பேர்தான். இரண்டு பேர் இரண்டு வயதுக்குள் வயிற்றுப்போக்கில் போய்விட்டார்கள், அப்பாவுக்கு நேர் மூத்ததும் நேர் இளையதும். நேற்று அத்தையிடம் தொலைபேசியில் கேட்டேன். எண்பது வயதைத் தாண்டிவிட்டாள், இதை மட்டும் மறக்கவில்லை. வயிறு போகும்போது எதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது, கொடுத்தால் இன்னும் போகும் என்று பாட்டி சொல்லிவிட்டாளாம். தண்ணீர் கேட்டு அழுத தம்பிக்கு அத்தை ஈரத் துணியை உதட்டில் வைத்தாளாம்.

கசப்புமருந்து

ஐயா, நான் வாதத்தில் ஜெயிப்பதற்காகக் கேட்ட கேள்வி அது. கேட்டிருக்கக் கூடாது. மன்னியுங்கள்.

ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவள் ஆகிவிடுவேன். உங்கள் பாட்டியின் மாவில் விஷயம் இருந்தது. டாக்காவில் நாட்பட்ட வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளுக்கு, அரிசி உணவோடு வேகவைத்த வாழைக்காயைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளிவந்த ஆய்வு. வெறும் அரிசி உணவு தின்ற பிள்ளைகளைவிட இவர்கள் சீக்கிரம் தேறினார்கள். காயில் இருக்கும் மாவில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்வதால் உண்டாகும் அமிலங்கள், உப்பையும் தண்ணீரையும் உடம்புக்குள் திரும்ப இழுக்க உதவுகின்றன. பழுத்தபின் அந்த மாவு பெரும்பாலும் சர்க்கரையாகிவிடுகிறது. வாத்தியார் ஐயாவின் செவ்வாழையில் நடந்ததும் அதுதான். பட்டினி போடுவதும் தண்ணீரை நிறுத்துவதும்தான் கொல்லும். உப்புச் சர்க்கரைக் கரைசல் முதலில், மற்றதெல்லாம் பிறகு.

அதற்காக நான் கட்சி மாறிவிட்டேன் என்று யாரும் எழுத வேண்டாம். சிறுநீரகம் பழுதானவருக்கு வாழைப்பழம் ஆபத்தாகவே முடியலாம், பொட்டாசியம் இரத்தத்தில் தங்கி இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் நல்லது என்று வருகிற செய்தி எதுவானாலும் எனக்கு எரிச்சல்தான்.

நாஞ்சில்காரன்

மாவு டப்பா அடுக்களைப் பரணில்தான் இருக்கும். பித்தளை டப்பா, மூடியில் தாத்தாவின் பெயர் வெட்டியிருக்கும். அந்தப் பிள்ளைகள் கிடந்த அறைக்கும் அதற்கும் பத்தடி தூரம்.

டப்பா இப்போதும் என்னிடம் இருக்கிறது. சில்லறை போட்டு வைத்திருக்கிறேன்.

இரும்பு விஷயத்தையும் ஜப்பான் விஷயத்தையும் விட்டுவிடுகிறேன். மட்டி பிள்ளைகளுக்கு நல்லது என்பதை விடமாட்டேன். மென்மையானது, இனிப்பு, தொண்டையில் சிக்காது, பிள்ளை அழாமல் தின்கிறது. இதற்கு என்ன பட்டியல் வேண்டும்?

கசப்புமருந்து

இதற்கு நான் எப்போது மறுப்புச் சொன்னேன்? ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு நன்றாக மசித்துத் தாருங்கள். அடுத்த முறை திருச்சிப் பக்கம் யாராவது வந்தால் ஒரு சீப்பு கொடுத்து அனுப்புங்கள், நானும் அழாமல் தின்கிறேன்.

நீர்வேலிப்பெண்

எல்லாம் சரி. என் மகனுக்கு நேற்றிலிருந்து தடிமன். வீட்டில் கதலிக் குலை பழுத்துக் கிடக்கிறது, அவன் அதன் கீழேயே உட்கார்ந்திருக்கிறான். கொடுக்கலாமா, கூடாதா?

கசப்புமருந்து

கொடுங்கள் தங்கச்சி. தடிமன் வைரஸால் வருவது, பழத்தால் இல்லை.

நாஞ்சில்காரன்

கொடுங்கள் மகளே. ஆனால் ஆறு மணிக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.