சென் வின்சென்ற் தீவும் கிரெனடீன்ஸும்: ஆராவது போனனீங்களோ?

இரணைமடு:
வணக்கம். என்ர அக்கா ரொறன்ரோவில இருக்கிறா, வாற வருசம் நானும் மனிசியும் அவவிட்டப் போறம், அப்பிடியே எல்லாருமாக் கரிபியன் பக்கம் ஒருக்காப் போவம் எண்டு சொல்லுறா. பெரிய ஹோட்டலுகள் நிறைஞ்ச இடம் எங்களுக்கு வேண்டாம். காடும் கடலும் கெடாம இருக்கிற இடமாத் தேடேக்க சென் வின்சென்ற்தான் பிடிச்சுது. பெரிய தீவில எரிமலை, அதுக்குத் தெற்கால சின்னச் சின்னத் தீவுகள், பாய்க்கப்பலில ஓடித் திரியலாமாம். 2021 இல வெடிச்ச மலை எண்டதால மனிசி பயப்பிடுறா. எங்க கூட நாள் நிக்கிறது? கப்பல் வாடகைக்கு எடுத்தே ஆகவேணுமோ?

புதுக்குடியிருப்பான்:
தம்பி, நாங்கள் குடும்பமாப் போய் வந்தனாங்கள். கனபேர் ஆர்கைல் விமான நிலையத்தில இறங்கின கையோட சின்னத் தீவுகளுக்கு ஓடிவிடினம், அப்பிடிச் செய்யாதேங்கோ. பெரிய தீவுக்குத்தான் கூட நாள் குடுங்கோ. நாடு முழுக்கச் சேத்தாலும் 389 சதுர கிலோமீற்றர்தான், கிளிநொச்சி மாவட்டத்தில மூண்டிலொரு பங்கும் வராது, ஆனா அதுக்குள்ள 1,200 மீற்றருக்கு மேல உசந்த மலை நிக்குது. வடக்கால சுத்திவர ரோட்டே இல்லை, மேற்குப் பக்கம் ஒரு இடத்தோட முடிஞ்சிடும், அதாலதான் காடு இன்னும் காடா இருக்கு, அந்தத் தீவை விட்டா வேற எங்கயும் இல்லாத கிளியும் அங்க இருக்கு. கடற்கரை மணல் கறுப்பு, எங்கட புல்மோட்டைப் பக்கம் மாதிரி, ஆனா இது எரிமலை தந்த மணல்.

தலைநகர் கிங்ஸ்ரவுனில 1765 இல தொடங்கின தாவரவியல் பூங்கா இருக்கு, கட்டாயம் போங்கோ. 1793 இல ஆங்கிலேயக் கடலோடி கப்ரன் பிளை பசிபிக்கில இருந்து ஈரப்பலாக் கண்டுகளைக் கொண்டுவந்து இறக்கினது இந்தத் தீவிலதான். இப்ப அதை முழுசா நெருப்பில சுட்டு, பொரிச்ச மீனோட சாப்பிடினம், அதுதான் அவையின்ர தேசியச் சாப்பாடு. சரியான ருசி!

இன்னொண்டு, 1861 இல மெட்ராஸில இருந்து கூலி வேலைக்கு ஆக்களை ஏத்திக்கொண்டு திருவிதாங்கூர் எண்ட பேரில ஒரு கப்பல் அங்க போனது. அந்தச் சனத்தின்ர பரம்பரை இன்னும் அங்க இருக்கு, யூன் 1 ஐ அவை வந்திறங்கின நாளாக் கொண்டாடினம்.

வவுனியா ரீச்சர்:
மலையைப் பற்றி. லா சுஃப்ரியேர் 1902 இல வெடிச்சு 1,600 பேரளவில செத்தது உண்மை. ஆனா 2021 இல நடந்ததைப் பாருங்கோ, 2020 மார்கழியிலயே எரிமலைக் குழம்பு மெல்ல வரத் தொடங்கீற்றுது, விஞ்ஞானிகள் விடாமக் கவனிச்சு, ஏப்ரல் 8 வடக்குச் சனத்தை வெளியேறச் சொல்லி, அடுத்த நாள் மலை வெடிச்சுது. வெடிப்பில ஒருத்தரும் சாகேல்ல. உங்கட மனிசிக்கு இதைச் சொல்லுங்கோ. ஏறுறதெண்டா கிழக்குப் பக்கம் மூங்கில் காட்டுக்குள்ளால போற பாதை லேசு, விடியவே வெளிக்கிடுங்கோ, உள்ளூர் வழிகாட்டி ஒராளைப் பிடியுங்கோ.

பலிசோ எண்டொரு சின்னத் தீவும் அங்க இருக்கு. தங்கட மண்ணுக்காகப் போராடித் தோத்த கரிஃபூனாச் சனம் (சென் வின்சென்ற்றின்ர பழங்குடியும் ஆபிரிக்கரும் கலந்து வந்த பரம்பரை) 5,000 பேரளவில ஆங்கிலேயர் அங்க கொண்டுபோய் அடைச்சுவைக்க, சில மாதத்திலயே அரைவாசிப்பேர் செத்துப்போச்சினம். மிச்சப்பேரை 1797 இல ஹொண்டூராஸ் பக்கம் ரோவாற்றான் தீவுக்கு ஏத்தி விட்டவை. முகாமில இருந்த எங்களுக்கு அதை வாசிக்க நெஞ்சு அடைக்கும். அவையின்ர தலைவர் சட்டோயேயை நினைச்சு மார்ச் 14 தேசிய வீரர் நாளா வச்சிருக்கினம்.

முல்லைக்கடல்:
நான் சரக்குக் கப்பலில வேலை செய்யேக்க அந்தப் பக்கம் ஓடினனான். கப்பல் எடுக்காமலும் சமாளிக்கலாம். கிங்ஸ்ரவுனில ஃபெரி ஏறினா ஒரு மணித்தியாலத்தில பெக்வே, தெற்கால கனுவான், மேரோ, யூனியன் மட்டும் ஃபெரி போகும். பாயில ஓடத்தான் ஆசையெண்டா மாலுமியோட எடுங்கோ, அனுபவம் இல்லாம நீங்களே சுக்கான் பிடிக்க வேண்டாம், வடகிழக்குக் காற்று விடாம அடிக்கும், மார்கழி தையில இன்னும் பலம், தீவுக்கும் தீவுக்கும் இடையில திறந்த அத்திலாந்திக் அலை. ரொபேகோ கீஸில ஆக்கள் இல்லாத அஞ்சு தீவு, கிழக்கால வேற தீவே இல்லை, குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச பவளப் பார்தான் அலையைத் தடுக்குது, உள்ளுக்க தண்ணி கண்ணாடி, கடலாமை பாக்கலாம். நங்கூரத்தைப் பார்மேல போடவிடாதேங்கோ, கட்டுறதுக்கு மிதவை இருக்கு.

யூன் முதல் கார்த்திகை வரை புயல் காலம், போகாதேங்கோ. 2024 யூலை 1 இல பெரில் புயல் யூனியன் தீவில வீடுகளில பெரும்பங்கை உடைச்சுப் போட்டுது. போனா அங்க ஒரு இரவாவது நிண்டு, சனத்தின்ர கடையிலயே சாப்பிடுங்கோ, கட்டியெழுப்புற சனத்துக்கு அந்தக் காசு போகட்டும்.

இரணைமடு:
எல்லாருக்கும் நன்றி. மார்ச்சில போறதெண்டு அக்காவோட கதைச்சிட்டன், 14 ஆம் திகதி கிங்ஸ்ரவுனில நிக்கிற மாதிரிப் பாக்கிறம். கப்பல் வேண்டாம், ஃபெரிதான். யூனியனில தங்க வீட்டுக்காரர் ஆரும் அறை விடினமோ எண்டு தெரிஞ்சவை எழுதுங்கோ, வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் ஊருக்குத் திரும்பவேணும்.