அல்காரிதத்தைச் செய்துகாட்டிக் கற்பித்தல்: அடுத்த படி எது?

கேள்வி:
ஏழெட்டு வயதுக் குழந்தைகள் 32 பேருக்குக் கணினி இல்லாமலேயே அல்காரிதத்தை, அதாவது ஒரு வேலையைச் செய்து முடிக்கும் படிப்படியான வழிமுறையை, அறிமுகப்படுத்தி வருகிறேன். "நாற்காலியிலிருந்து கதவுவரை என்னை நடத்திச் செல்லுங்கள், சொன்னதை மட்டுமே செய்வேன்" என்று தொடங்கினேன். "நடங்கள்" என்றார்கள், சுவரில் முட்டும்வரை நடந்தேன். எத்தனை அடி, எந்தப் பக்கம், எங்கே நிற்பது என்று அவர்களாகவே திருத்திக்கொண்டபோது மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் இரண்டு வாரம் கழித்துக் கேட்டால், "வரிசையாகச் சொல்வதுதான் அல்காரிதம்" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஒரே வேலையைப் பல வழிகளில் செய்யலாம், அவற்றில் ஒன்று மற்றதைவிட மேலானது என்பதை எப்படி உணர்த்துவது? தவிர, சிலர் முன்னால் வந்து செய்யும்போது மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்கிறார்கள்.

பதில் 1:
தராசைக் கொண்டுவாருங்கள். ஒரே மாதிரியான எட்டு டப்பாக்களில் வெவ்வேறு அளவு மணலை நிரப்பி மூடி, எடை வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். கையால் எடை பார்க்கக் கூடாது, ஒரு முறைக்கு இரண்டு டப்பாக்களையே தராசில் வைக்கலாம் என்பது விதி. இதைத் தளர்த்தினால் குழந்தைகள் கண்ணாலும் கையாலும் அடுக்கிவிடுவார்கள், வழிமுறை என்ற ஒன்றே தேவைப்படாது. ஒவ்வொரு நிறுத்தலுக்கும் ஒரு கோடு போடட்டும். பெரும்பாலானோர் முதலில் மிக லேசானதைத் தேடுவார்கள். அதற்கு 7 கோடுகள், அடுத்ததற்கு 6 என்று மொத்தம் 28 ஆகும். பிறகு, ஏதேனும் ஒரு டப்பாவை எடுத்து, மற்ற ஏழையும் அதனுடன் ஒப்பிட்டு, லேசானவற்றை இடப்பக்கமும் கனமானவற்றை வலப்பக்கமும் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் அதையே திரும்பச் செய்யச் சொல்லுங்கள். எடுக்கும் டப்பா ஒவ்வொரு முறையும் நடுவாக அமைந்தால் 13 கோடுகளில் முடிந்துவிடும். ஓரத்து டப்பாவே அகப்பட்டுக்கொண்டிருந்தால் மறுபடியும் 28தான். "எங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை கோடு?" என்று ஒரு குழு கேட்கும், அந்தக் கேள்விக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம்.

பதில் 2:
தராசு நல்ல யோசனை, ஆனால் நடப்பதை விட்டுவிடாதீர்கள். 1967இல் உருவான லோகோ என்ற கணினி நிரல் மொழியில், கட்டளைக்கேற்ப நகர்ந்து கோடு வரையும் ஆமையைக் குழந்தைகள் தங்கள் உடலாலேயே நடித்துப் பார்த்துக் கற்றார்கள். வேடிக்கை பார்ப்பதைத் தவிர்க்க நால்வர் குழு அமையுங்கள்: ஒருவர் கட்டளையை எழுதுவார், ஒருவர் வாசிப்பார், ஒருவர் இயந்திரமாக நடப்பார், ஒருவர் பிழை நேர்ந்த வரியைக் குறிப்பார். இயந்திரமாக நடப்பவர் தோழியின் மேலுள்ள அன்பால் தவறான கட்டளையைத் தானே சரிசெய்து நடந்துவிடுவதுண்டு. புரியாத வரி வந்தால் நின்று கையை உயர்த்த வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

பதில் 3:
அடுக்குவதோடு தேடுவதையும் சேருங்கள். 31 எண் அட்டைகளை ஏறுவரிசையில் கவிழ்த்துவைத்து, அவற்றுள் ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நடு அட்டையைத் திருப்பிப் பார்த்து ஒரு பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால், அதிகபட்சம் 5 அட்டைகளில் கிடைத்துவிடும்; அட்டைகளைக் கலைத்துவிட்டால் கடைசி அட்டைவரைகூடப் போக நேரிடும். எண்கள் 1, 2, 3 என்று தொடர்ச்சியாக இருந்தால் இடத்தை எண்ணியே எடுத்துவிடுவார்கள். ஆகவே இடைவெளி விட்ட எண்களாக எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. என்னிடம் இரண்டு தராசுகளே உள்ளன. ஆகவே எட்டுக் குழுக்களில் இரண்டு தராசிலும், இரண்டு அட்டைகளிலும், நான்கு நடப்பதிலுமாகச் சுழற்சி முறையில் வைக்கிறேன். கோடு போட்ட தாள்களைச் சுவரில் ஒட்டி, அடுத்த வாரம் அவற்றிலிருந்தே பாடத்தைத் தொடங்குவேன்.