முத்துச் சிலாபம் (முத்துக்குளிப்பு) நின்றதற்கு ஒட்டுண்ணிதான் காரணமா?

பொருநைக்கரையான்: "மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை (சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளை) தின்று தீர்த்தது பெர்கின்சஸ் ஒட்டுண்ணி, 1961-க்குப் பிறகு சிலாபம் நடக்காததற்கு அந்தப் புழுவே காரணம்" என்று ராதாபுரத்தான் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நம் கடற்கரை முத்துச்சிப்பியில் பெர்கின்சஸ் ஓல்செனி என்ற பெர்கின்சஸ் வகை இருப்பதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் வெளியிட்டது 2010-இல். கடைசிச் சிலாபம் 1961-இல். 2010-இல் பார்த்ததன் தலையில் 1961-இன் பழியைக் கட்ட என்ன சான்று?

ராதாபுரத்தான்: அண்ணாச்சி, கண்டுபிடித்த ஆண்டு வேறு, வந்த ஆண்டு வேறு. மெக்சிகோ வளைகுடாவில் ஆளிச் சிப்பிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது எண்ணெய் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார்கள். ஆராயப் போனபோதுதான் இதே பேரினத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி அகப்பட்டது. 1950-இல் பெயர் வைத்தார்கள். அப்போதும் பூஞ்சை என்றே நினைத்தார்கள். 1950-க்கு முன்னால் அது அங்கே இல்லை என்பீர்களா?

பொருநைக்கரையான்: அங்கே செத்த ஆளி கையில் இருந்தது, சதையை எடுத்துச் சோதித்தார்கள். 1961-இன் சிப்பிச் சதை உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் காட்டுங்கள்.

உவரி மைந்தன்: ராதாபுரத்தான் எழுதியதைப் படித்துவிட்டு, இடிந்தகரைப் பாறையில் எடுத்த சிப்பியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்கிறார்கள். கடலில் இறங்கிச் சிப்பி எடுப்பவன் பிழைப்பில் மண் போடாதீர்கள்.

கொற்கைச்செல்வி: அண்ணாச்சி, பெர்கின்சஸ் மனிதரைத் தொற்றாது. தாராளமாகச் சமைத்துச் சாப்பிடலாம். அது புழுவும் இல்லை, ஒற்றைச் செல் உயிர். சிப்பியின் திசுவைத் தயோகிளைகோலேட் கரைசலில் சில நாள் இருட்டில் வைத்து அயோடின் விட்டால், அதன் செல்கள் கருநீல உருண்டைகளாகத் தெரியும். நீர் வழியாகவே ஒரு சிப்பியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். நெருக்கி வளர்க்கும் பண்ணைகளில்தான் எனக்குக் கவலை. ஓரிடத்துக் குஞ்சுகளைச் சோதிக்காமல் இன்னோரிடத்துக்கு ஏற்றிச் செல்வதை முதலில் நிறுத்த வேண்டும்.

ராதாபுரத்தான்: புழுவோ செல்லோ, அதுவா இங்கே பேச்சு? 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த சிலாபம் அப்படியே நின்றது. ஏன்? அதைச் சொல்லுங்கள்.

பொருநைக்கரையான்: சொல்கிறேன், கேளுங்கள். சிலாபம் என்றைக்குமே விட்டுவிட்டு நடந்ததுதான். 1830-க்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்தக் கரையில் சிலாபமே இல்லை. அப்போதும் பெர்கின்சஸா? பார்களைச் சூரன் என்ற சிறு சிப்பி படர்ந்து மூடும். திருக்கைக் கூட்டம் வந்தால் ஓட்டோடு நொறுக்கித் தின்னும். நீரோட்டம் மாறினால் மணல் ஏறும். குஞ்சு வேறிடத்தில் விழும். இத்தனை தெரிந்த காரணங்களை ஒதுக்கிவிட்டு ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். அந்த 2010 ஆய்வு, ஒட்டுண்ணி இருக்கிறது என்றுதான் சொல்கிறது. பார்களை அழித்தது அதுதான் என்று எந்த வரியில் இருக்கிறது?

ராதாபுரத்தான்: இல்லை என்று எந்த வரியில் இருக்கிறது? உப்பளத் தகராறிலும் நீங்கள் இப்படித்தான் பேசினீர்கள். உங்களுக்குத் தெரியாத எதுவும் உலகத்தில் நடந்திருக்கவே கூடாது.

முத்துநகர் வாசி: தூத்துக்குடி 1986-இலேயே தனி மாவட்டம் ஆகிவிட்டது. எங்கள் முத்தைப் பற்றி நெல்லைக்காரர்கள் ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்?

பொருநைக்கரையான்: 1961-இல் அது திருநெல்வேலி மாவட்டம். பேசும் உரிமை எங்களுக்கு உண்டு. தாமிரபரணி புன்னைக்காயலில் கலக்கும் கடல் எங்களுக்கும் கடல்தான்.

முத்துநகர் வாசி: ஆற்றைக் காட்டிக் கடலைக் கேட்கிறீர்கள். முத்துக்குளித்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

உவரி மைந்தன்: எங்கள் ஊரில் யாருமே குளிக்கவில்லையா? எழுதும்போது பார்த்து எழுதுங்கள்.

கொற்கைச்செல்வி: ஒட்டுண்ணி என்றாலே பழிதானா? 1902-இல் இலங்கைப் பார்களை ஆராய வந்த ஹெர்ட்மன், நாடாப்புழுவின் இளம்புழுதான் முத்துக்குக் கருவாகிறது என்றார். பின்னால் வந்தவர்கள் அதை மறுத்தார்கள். ஒட்டுண்ணியைப் பற்றி அவசரமாகத் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ராதாபுரத்தான்: பார்த்தீர்களா, 1902-லேயே பாரில் ஒட்டுண்ணி இருந்திருக்கிறது! அக்கா என் பக்கம்தான்.

கொற்கைச்செல்வி: நான் யார் பக்கமும் இல்லை, தம்பி. நாடாப்புழு வேறு, பெர்கின்சஸ் வேறு.

பொருநைக்கரையான்: அவருக்கு எல்லாம் ஒன்றுதான். 1961-க்குச் சான்று கேட்டால் 1950-ஐக் காட்டுகிறார், 1902-ஐக் காட்டுகிறார். கேட்ட ஆண்டை மட்டும் காட்டமாட்டார். சான்று வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ராதாபுரத்தான்: கேளுங்கள். பாரில் ஒட்டுண்ணி இல்லை என்பதற்கு 1961-இன் சோதனை முடிவை நீங்கள் வையுங்கள், நானும் பேசுகிறேன்.

உவரி மைந்தன்: சிப்பியைச் சாப்பிடலாம் என்று அக்கா எழுதியதை முதல் பதிவிலேயே சேருங்கள், ராதாபுரத்தான். இரண்டாவது முறையாகக் கேட்கிறேன்.